கொத்தாக வரும் தொல்லைகள்: ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கருத்தின் நிறையும் குறையும்

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம், நான்காம் நாள், "என்னம்மா செய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "வயிற்றைப் புரட்டுகிறது, சோற்றைக் கண்டால் வெறுப்பாக இருக்கிறது, இராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, எழுந்தால் கால் தள்ளாடுகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். அவருக்கு அது ஒரே துன்பம். மருத்துவப் பாடநூலுக்கோ அவை ஐந்து. குமட்டலுக்கு ஓர் அத்தியாயம், உறக்கமின்மைக்கு வேறொன்று, மனத்தளர்ச்சிக்கு வேறொரு துறையே உண்டு. மருந்துச் சீட்டிலும் அப்படியே ஐந்து மாத்திரைகள் வரிசையாக இறங்குகின்றன.

இந்தப் பிளவை ஒட்டவைக்க எழுந்த கருத்தை ஆங்கிலத்தில் 'சிம்ப்டம் கிளஸ்டர்' என்பர். தமிழில் 'அறிகுறிக் கொத்து' எனலாம். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் செவிலியத் துறை ஆராய்ச்சியாளரான மேரிலின் டாட் என்பவரும் அவருடைய தோழர்களும் 2001-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையோடு இது பெயர் பெற்றது. வலி, களைப்பு, உறக்கக் குறைவு ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்து, அவை நோயாளியின் அன்றாட நடமாட்டத்தை எவ்வளவு குறைக்கின்றன என்று அவர்கள் பார்த்தனர். ஒரே காலத்தில் தோன்றி, ஒன்றோடொன்று தொடர்பும் கொண்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறிகுறிகளே கொத்து என்பது அவர்களது வரையறை. 2005-இல் ஹீ-ஜு கிம் என்பவரின் குழு, இரண்டு இருந்தாலே கொத்துத்தான் என்று வரம்பைத் தளர்த்தியது. இக்கருத்து செவிலியரிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. நோயாளியின் பக்கத்தில் நெடுநேரம் நிற்பவர்கள் அவர்களே.

கருத்து நல்லது. ஆனால் அதன் பெயரால் இருபத்தைந்து ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி, தஞ்சைத் தரணியில் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு என்ன தந்திருக்கிறது என்று கேட்டால், விடை அத்தனை திருப்தியாக இல்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தொல்லைகள் சேர்ந்து வருவது ஏன்?

முதலில் நியாயமான பகுதி. தொல்லைகள் சேர்ந்து வருவது தற்செயல் அன்று. காய்ச்சல் கண்ட பசுவை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலைத் தொடாது, அசை போடாது, மந்தையை விட்டு ஒதுங்கிப் படுத்துவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் இதை விளக்கினார்: இது உடல் வெறுமனே பலவீனப்படுவது அன்று, நோய்க்கிருமியோடு போரிடுவதற்காக மூளையே உடலை அடக்கி வைக்கும் ஒழுங்கான ஏற்பாடு. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் என்னும் புரதங்கள் அதற்கான செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. புற்றுநோய் மருந்துகளும் திசுக்களைச் சிதைத்து இதே புரதங்களைக் கிளப்பிவிடுகின்றன. ஆகவே களைப்பு, பசியின்மை, உறக்கக் கேடு, மனத்தளர்ச்சி ஆகியவை ஒரே மணி அடித்தால் எழுந்துவரும் நான்கு பேர் எனலாம்.

இன்னொரு வகைக் கொத்தும் உண்டு. அது சிகிச்சையே முடிச்சுப்போட்ட கொத்து. மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாக அளிக்கப்படும் ஒரு முறையில், சிவப்பு நிறத்தில் இறங்கும் டாக்சோரூபிசினும் சைக்ளோஃபாஸ்பமைடும் 21 நாளுக்கு ஒரு முறையாக நான்கு தடவை ஏற்றப்படும். இவை குடலிலுள்ள சில உயிரணுக்களிலிருந்து செரட்டோனினை வெளிவிடச் செய்து, நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகின்றன. 1991-இல் ஆண்டன்செட்ரான் புழக்கத்திற்கு வந்தபின் முதல் நாள் வாந்தி பெருமளவு அடங்கிற்று. அதனோடு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் தருவது வழக்கம். அது வாந்தியை அடக்கும்; அன்றிரவு உறக்கத்தையும் விரட்டும். ஸ்டீராய்டு நிற்கும் நாளில் உடல் துவண்டு விழும். நான்காம் நாள் களைப்பில் ஒரு பங்கு இந்த மருந்தின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

மும்பை டாடா நினைவு மையத்தார் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. வாந்தியைத் தடுக்க உதவும் ஒலான்சப்பீன் என்னும் மருந்தை வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தனர். வாந்தித் தடுப்பில் குறைவு காணவில்லை. பகல் தூக்கக் கலக்கமோ வெகுவாகக் குறைந்தது. 'கொத்து' என்ற சொல்லை முன்னிறுத்தாமலேயே கொத்தின் ஒரு முடிச்சை அவிழ்த்த ஆய்வு இது. கொத்து என்று தலைப்பிட்டு வரும் கட்டுரைகள் பலவற்றைவிட இது பயனுடையது என்பது என் கருத்து.

கணக்கின் கண்ணாமூச்சி

அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் எப்படி உருவாகின்றன? நூறு இருநூறு நோயாளிகளிடம் ஒரு வினாத்தாளைக் கொடுப்பார்கள். விடைகளைக் கணிப்பொறியில் இட்டு, 'காரணிப் பகுப்பாய்வு' என்னும் புள்ளியியல் முறையால் எந்த அறிகுறியோடு எது சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கண்டு, அவற்றுக்குக் கொத்து என்று பெயர் சூட்டுவார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் முற்றிய புற்றுநோயாளர் 1,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்த வால்ஷும் ரிபிக்கியும் 2006-இல் ஏழு கொத்துகள் கண்டனர். மற்றவர்கள் மூன்று, நான்கு, ஐந்து என்று கண்டனர். எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை, உறுப்பினர்களும் ஒத்துவரவில்லை. 2010-இல் இதே வால்ஷும் ரிபிக்கியும் ஆக்டாஷ் என்பவருடன் சேர்ந்து, 'அறிகுறிக் கொத்துகள்: கற்பனையா, உண்மையா?' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதும் நிலை வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க முன்வந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

இந்தக் கணக்கு முறையில் ஒரு பொறி இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை வைத்தே வேலை செய்கிறது. எல்லாரிடமும் ஒரே அளவில் உள்ள தொல்லை எதனோடும் சேராது, கணக்கிலிருந்து நழுவிவிடும். ஆற்றில் உடைப்பெடுத்து ஊர் முழுவதும் மூழ்கிய ஆண்டில், எந்த வயல் பள்ளம் என்பதை விளைச்சல் கணக்கை வைத்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டிற்று. நோய் வருவதற்கு முன்பே களைத்திருப்பவர்களைக் கொண்ட கூட்டத்தில் களைப்பை அளந்தால், அதன் உண்மையான சேர்க்கை எதுவென்று எண்கள் காட்டாமற் போகலாம்.

வினாத்தாளில் இல்லாதது விடையில் வராது என்பதும் உண்டு. கனடாவின் எட்மண்டனில் புரூவெராவும் தோழர்களும் 1991-இல் அமைத்த அளவுகோலில் எட்டு இனங்கள். கைகால் மரத்துப்போதல் அவற்றில் இல்லை. அது முற்றிய நிலை நோயாளருக்காகச் செய்யப்பட்டது. ஆதலால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதையே மருந்தேற்றும் காலத்திற்கும் எடுத்துப் பயன்படுத்துவோர் உள்ளனரே! 2000-இல் டெக்சாஸின் எம். டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் கிளீலாண்ட் குழுவினர் அமைத்த 13 இன அளவுகோலில் மரத்துப்போதல் இடம்பெற்றது. அளவுகோல் மாறினால் கொத்தும் மாறுகிறது.

இருபத்தோராம் நாள்

எந்த நாளில் கேட்கிறோம் என்பது இதைவிட முக்கியம். மருந்து ஏற்றிய அன்றோ மறுநாளோ நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். குமட்டலும் துவளலும் உச்சத்தில் இருப்பது முதல் ஐந்தாறு நாள். வெள்ளணுக்கள் மிகக் குறைவது ஏறத்தாழ 10 முதல் 14-ஆம் நாளுக்குள். மூன்றாம் வாரத்தில் உடல் தேறுகிறது. நாக்கில் ருசி திரும்புகிறது. அப்போதுதான் அடுத்த மருந்துக்காகத் திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ பேருந்தேறித் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறார். "எப்படி இருக்கிறீர்கள்?" "பரவாயில்லை ஐயா." அவர் பொய் சொல்லவில்லை. அன்று அவருக்கு உண்மையிலேயே பரவாயில்லை.

வினாத்தாள்களும் பெரும்பாலும் அந்த நாளில்தான் நீட்டப்படுகின்றன. டெக்சாஸ் அளவுகோல் கேட்பது கடந்த 24 மணி நேரத்தை. 1994-இல் வந்த, 32 அறிகுறிகள் கொண்ட மெமோரியல் அளவுகோல் கேட்பது கடந்த ஒரு வாரத்தை. இரண்டுமே நான்காம் நாளைத் தொடுவதில்லை. 21 நாள் சுற்றில் ஆகச் சிறந்த நாளை அளந்துவிட்டு, அதிலிருந்து கொத்து பிரிக்கும் ஆய்வு எதை அளந்தது என்று சொல்வது?

இது வெறும் வசதிப் பிரச்சினை என்று எண்ண வேண்டா. இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா அறுவைக்குப்பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, நோய் திரும்புவதைக் குறைக்கலாம் என்று 1976-இல் காட்டினார். அந்தப் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிட்ட அறிக்கையில், திட்டமிட்ட மருந்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் பெற்றவர்களே நன்மை அடைந்தனர். 65 விழுக்காட்டுக்குக் கீழே பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் காணவில்லை. இது பின்னோக்கிப் பார்த்த கணக்கு. ஆகவே முழு நிரூபணம் ஆகாது. ஆயினும் தாங்கமுடியாமல் ஒரு தடவையைத் தள்ளிப்போடுவதும், மூன்றாவதோடு நின்றுவிடுவதும் விலையில்லாத செயல்கள் அல்ல என்பதை உணர்த்தப் போதுமானது.

'சோர்வு' என்றால் எது?

அடுத்தது மொழி. ஆங்கில அளவுகோல்களைத் தமிழில் பெயர்க்கும்போது ஒரு விந்தை நேர்கிறது. களைப்புக்குச் 'சோர்வு' என்றும், மனத்தளர்ச்சிக்கு 'மனச்சோர்வு' என்றும் எழுதிவிட்டால், ஆங்கிலத்தில் தொடர்பில்லாத இரு சொற்கள் தமிழில் அக்காள் தங்கை ஆகிவிடுகின்றன. ஒன்றுக்கு 7 என்றவர் மற்றதற்கும் 7 என்பார். கணிப்பொறி அவற்றைக் கொத்து என்று அறிவிக்கும். சேர்த்தது நோயா, மொழிபெயர்ப்பாளரா?

'மயக்கம்' இன்னும் சிக்கலானது. தூக்கக் கலக்கம், தலைசுற்றல், நினைவிழத்தல் மூன்றையும் நம் மக்கள் அந்த ஒரு சொல்லால் சொல்வதுண்டு. இவற்றுள் முதலாவது மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்கிறது. இரண்டாவது இரத்தசோகையையோ நீர்ச்சத்துக் குறைவையோ தேடச் சொல்கிறது. மூன்றாவது உடனே வண்டி வைத்து அழைத்துவரச் சொல்கிறது. மறுபுறம், நம்மிடம் உள்ள நுட்பங்கள் ஆங்கில அளவுகோலில் இல்லை. குமட்டல் வேறு, ஓங்கரிப்பு வேறு. அசதி வேறு, ஆயாசம் வேறு. மதமதப்பு வேறு, குறுகுறுப்பு வேறு. 'உடம்பெல்லாம் சூடு' என்று சொல்லும் பெண் காய்ச்சலைச் சொல்கிறாரா, வாய்ப்புண்ணையா, மருந்தினால் மாதவிடாய் நின்றதால் வரும் வெப்ப அலையையா என்பதைக் கேட்பவர்தான் பிரித்தறிய வேண்டும். கதிர்வீச்சைக் 'கரண்டு வைப்பது' என்று தாமே பெயரிட்டுக்கொண்ட மக்களிடம் சொல்வளத்திற்குப் பஞ்சமில்லை. 0 முதல் 10 வரை எண் கேட்டால் தயங்கும் மூதாட்டி, 'போன தடவைக்கு இப்போது அரைவாசி' என்பதைத் தயங்காமல் சொல்வார். அதையும் அளவாகக் கொள்ளத் தடை என்ன?

அடுப்படியும் சேறும்

பெரும்பாலான அளவுகோல்களின் பின்னால், அறிகுறி வந்தால் ஓய்வெடுக்கக் கூடிய ஒருவர் நிற்கிறார். டெல்டாவில் நடவு வேலை செய்யும் ஒருவரை வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. குமட்டல் உள்ளவர் சமையல் வாடையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது அறிவுரை. வீட்டில் உலை வைப்பவரே அவர். கஞ்சி வடிக்கும் ஆவியில் முகம் கொடுத்து நின்று ஓங்கரித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, தாம் சாப்பிடாமல் படுக்கிறார். பசியின்மை என்று வினாத்தாள் குறித்துக்கொள்கிறது.

நான்கு சுற்று முடிந்தபின் வாரம் ஒரு முறையாக 12 வாரம் பாக்லிடாக்செல் ஏற்றுவது ஒரு முறை. ஆக மொத்தம் 168 நாள். சி.ஆர். 1009 போன்ற நீண்டகாலச் சம்பா இரகம் விதைப்பிலிருந்து அறுப்புவரை எடுத்துக்கொள்ளும் 155-160 நாளைவிடவும் சற்று அதிகம்! ஒரு முழுப் பட்டத்துக் கூலி போய்விடும் என்பதால், தேறிய வாரங்களில் வயலில் இறங்குவோர் இறங்கத்தான் செய்வர். பாக்லிடாக்செல் உயிரணுவுக்குள்ளிருக்கும் நுண்குழல்களைக் கட்டிப்போடுகிறது. புற்றுநோய் உயிரணு பிரியாமல் நிற்பது அதனால்தான். முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால்விரல்வரை நீளும் நரம்பிழைக்குள் சரக்குப் போக்குவரத்து நடப்பதும் அதே குழல்கள் வழியாகத்தான். எனவே மிக நீண்ட நரம்புகள் முதலில் பழுதாகி, காலுறை கையுறை அணியும் இடங்கள் மரத்துப்போகின்றன. எரிச்சல் வலிக்கு டூலக்செட்டின் ஓரளவு உதவும். மரத்த உணர்வை மீட்கும் நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது.

மரத்த பாதம் சேற்றில் நத்தை ஓட்டை மிதித்தாலும் தெரியாது. வழுக்கும் வரப்பில் கால் ஊன்றியதா என்பதும் தெரியாது. வெள்ளணு குறைந்திருக்கும் வேளையில் சேற்றுப்புண் சிறிய விஷயம் அன்று. மதமதப்பு, தள்ளாட்டம், காலில் புண், காய்ச்சல்: இந்த நான்கும் இங்கே கொத்தாக வரலாம். தரை துடைத்த வீட்டில் செருப்போடு நடப்பவர்களிடம் எடுத்த கணக்கில் இக்கொத்து எப்படி அகப்படும்?

களைப்புக்கு உடற்பயிற்சி நல்லது என்பது உறுதியான முடிவுதான். 113 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த மதிப்பீட்டில், மருந்துகளைவிட உடற்பயிற்சியும் உளவழிப் பயிற்சியும் மேலானவை எனத் தெரிந்தது. ஆனால் 'நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவும்' என்று அச்சிட்ட தாளைக் களை பறித்துவிட்டு வந்தவர் கையில் கொடுப்பது கேலிபோல் ஆகிவிடும். அவருக்கு வேலையைப் பிரித்துச் செய்யச் சொல்லித் தர வேண்டும்.

ஆயுள் நீளுமா?

2017-இல் ஈத்தன் பாஷ் என்பவரின் ஆய்வு பெரும் பரபரப்பை ஏற்படுத்திற்று. நியூயார்க்கின் ஒரு மருத்துவமனையில் பரவிய புற்றுநோய் கொண்ட 766 பேரில் ஒரு பிரிவினர் தம் தொல்லைகளைக் கணிப்பொறி வழியே தெரிவித்துவந்தனர். கடுமையானால் செவிலியருக்குத் தகவல் போயிற்று. அவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். கேட்பதே மருந்தாயிற்று என்று பலரும் எழுதினர். பின்னர் 52 மருத்துவ நிலையங்களில் 1,191 பேரிடம் அதையே விரிவாகச் செய்து பார்த்தபோது தொல்லைகள் தணிந்தன, நடமாட்டம் மேம்பட்டது. ஆனால் ஆயுளில் வேறுபாடு காணவில்லை என்று 2025-இல் இறுதி முடிவு வந்தது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. ஆயுள் நீளும் என்று ஆசை காட்டாமல், துன்பம் தணியும் என்று சொன்னாலே போதாதா? அதற்கு நல்ல சான்று இருக்கிறது.

இரண்டு ஆய்விலும் ஒரு பொது அம்சம் உண்டு. விடையைப் பெற்றவுடன் செயல்பட ஒருவர் மறுமுனையில் இருந்தார். கொத்து பிரிக்கும் ஆய்வுகள் பலவற்றில் இந்த மறுமுனையே கிடையாது. நோயாளி நிரப்பிய தாள் ஆய்வேட்டின் அட்டவணையாகி நின்றுவிடுகிறது.

நம்மிடம் அந்த மறுமுனையை அமைக்க வழியே இல்லாமல் இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊர்ப் பெண்களே வீடுதேடிச் செல்லும் ஏற்பாடு உருவானது. நோய்த் தணிப்புச் சேவையும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அப்படிச் செல்பவர், மருந்தேற்றிய நான்காம் நாளிலும் பதினோராம் நாளிலும் அந்த வீட்டுப் படியேறலாம். 32 கேள்விகள் வேண்டா. சாப்பிட்டது தங்குகிறதா, இராத்திரி தூங்கினாரா, செருப்பு கழன்று விழுவது தெரிகிறதா, உலை வைத்தது யார் என்று கேட்டாலே கொத்தின் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும்.

காய்ச்சல் மட்டும் தனி. உடம்புவலி, அசதி என்று கடையில் பாராசிட்டமால் வாங்கி விழுங்கினால் காய்ச்சல் மறைந்துவிடும்; உள்ளே தொற்று வளரும். இரண்டாம் வாரத்தில் உடம்பு 38 செல்சியஸ், அதாவது நூற்றுச் சொச்சம் பாரன்ஹீட், காட்டினால் மாத்திரை போடாமல் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனவே அந்தப் பெண்ணின் பையில் வெப்பமானி ஒன்றும் இருக்கட்டும். அவர் குறித்துவரும் விடைகளைப் புரட்டாசி, ஐப்பசி நடவில் தனியாகவும், தை அறுப்பில் தனியாகவும், வேலையில்லாத சித்திரையில் தனியாகவும் தொகுத்துப் பார்த்தால், இங்குள்ள கொத்துகள் எவை என்பதும், அவை பட்டத்துக்குப் பட்டம் மாறுகின்றனவா என்பதும் தெரியவரும்.